பாம்பை விட நீளமான சட்டை

உக்காரும் மருமவனே. நான் எந்திரிக்க மாட்டேன். டீக்கடையில நீரு நுழைஞ்சதும் நாலு பயலுக எந்திரிச்சானுகளே, அது மரியாதைன்னு நினைச்சீராக்கும்? பெஞ்சை உமக்கே விட்டுட்டு ஓடுதானுக.

நீரு பள்ளிக்கூடத்தை விட்டு வந்தது ஊருக்கே தெரியும். உமக்குத்தான் இன்னும் ஆர்டர் வந்து சேரல போலுக்கு. முந்தி நம்ம சர்க்கார் ஆளுகளை 58 வயசுல வீட்டுக்கு அனுப்புனாக. 2020-ல அதை 59 ஆக்குனாக, மறு வருஷமே 60 ஆக்குனாக. ரெண்டு வருஷம் கொசுறு கிடைச்சும் உமக்குப் பத்தலையே! எம் மவ வச்ச ரசத்துக்கு நேத்து மார்க் போட்டீராமே? அவ உமக்குப் போட்ட மார்க்கு எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன்.

படப்புல வைக்கோல் உருவுறப்ப பாம்புச் சட்டை கிடக்கும், பாத்திருப்பீரு. பாம்பு வளந்துக்கிட்டே போகும், மேல்தோலு அதோட சேந்து வளராது. அதான் கழட்டுது. அதுக்கு முன்னால கண்ணுல பால் படிஞ்சாப்ல நீலம் பாஞ்சிரும். பார்வை மங்கும், எவன் கிட்டப் போனாலும் சீறும். (ரிட்டயரான புதுசுல நீரும் அப்படித்தான் இருந்தீரு. அதை நான் குத்தம் சொல்லல.) பொறவு மூக்கைக் கல்லுல உரசும். உதட்டோரம் கிழியும், அப்படியே ஊர்ந்து வெளிய வந்துரும். கண்ணு மேல இருந்த சவ்வும் சட்டையோட போயிரும். பழைய கண்ணாடியைக்கூட வச்சுக்கிடல பாரும்!

இதுல ஒரு சூட்சுமம் இருக்கு. கிடக்குற சட்டையை அளந்தா, பாம்பை விட நீளமா இருக்கும். உரியுறப்ப இழுபட்டு நீண்டுரும். நம்மூர்ல பாதிப்பேரு பாம்பைப் பாத்ததேயில்ல, சட்டையைப் பாத்துட்டுத்தான் அலறுனாக. உம்ம ஹெட்மாஸ்டர் காலமும் சொல்லச் சொல்ல ஒரு முழம் கூடுது. மொதல்ல பத்தாம் வகுப்புல முக்காவாசி பாஸ்னீரு. போன பொங்கலுக்கு அத்தனை பேரும் பாஸ். இந்தப் பொங்கலுக்கு, ஃபெயிலான பயலும் கலெக்டர் ஆயிட்டான்.

பல்லி சங்கதி வேற. உரிச்ச தோலை அதுவே கடிச்சுத் தின்னுரும். நீரு எந்த ரகம்னு நான் சொல்லல. விடிஞ்சதுல இருந்து பழைய கதையவே மென்னுக்கிட்டு இருக்கீரே, அதான் ஞாபகம் வந்துச்சு.

அதுக்காவ படிச்ச கணக்கை மறந்துரும்னா சொல்லுதேன்? சட்டை கழண்ட பாம்புக்குப் பல்லும் விஷமும் பத்திரமாத்தான் இருக்கு. எவனும் கேட்டு வந்தா உக்கார வச்சு சொல்லிக்குடும். கேக்காதவனைப் பிடிச்சு வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொல்லாதேயும், அவன் பேரன் எடுத்தவன். கொல்லையில கத்தரி நட்டிருக்கீரு, கை மண்ணாயிருக்கு, பாக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா செடியை உயர வரிசையில நிக்க வைக்கப் பாத்தீராமே, அது எதுக்கு?

சரி, வந்த வேலையைச் சொல்லிருதேன். உம்ம வாசல்ல போர்டு ஒண்ணு தொங்குதே, ‘தலைமை ஆசிரியர்’னு யானை சைஸ்லயும் ‘ஓய்வு’ன்னு எறும்பு சைஸ்லயும் எழுதி, அதைக் கழட்டித் தாரும். எங்க கோழிக்கூண்டுக்குக் கதவு இல்லாம கீரி வந்து போகுது. எழுத்து உள்பக்கமா இருக்கிறாப்ல அடிச்சுக்கிடுதேன். கோழியாவது எந்திரிச்சு நிக்கட்டும்.