ஒருமுறைதான் பதில்

ஓசிடி என்ற மனநலக் கோளாறைப் பற்றி ஒரு வரி எழுதினால் ஒரு மூட்டைக் கடிதம் வருகிறது. சிலர் ஒரே கேள்வியை மூன்று கடிதத்தில் கேட்டிருக்கிறார்கள். அவர்களுக்கும் பதில் உண்டு. ஒன்றுதான்.

● என் மேசையில் பேனாவெல்லாம் நிறவாரியாக, நேராக இருக்க வேண்டும். ‘எனக்குக் கொஞ்சம் ஓசிடி’ என்று ஆபீஸில் சொல்லிக்கொள்வேன். சரிதானே?
— ஐ.டி. ஊழியர், சோழிங்கநல்லூர்

பேனாக்கள் நேராக இருந்தால் திருப்தியாக இருக்கிறதல்லவா? அப்படியென்றால் உங்களிடம் இருப்பது சுத்தமான மேசை, அவ்வளவே. ஓசிடி உள்ளவருக்கு அந்தத் திருப்தி நிலைப்பதில்லை. பேனா கோணலாக இருந்தால் ஊரில் அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிடும் என்று மனசுக்குள் வந்து நிற்கும். பேனாவுக்கும் அம்மாவுக்கும் சம்பந்தமில்லை என்று பெரும்பாலும் அவருக்கே தெரியும். தெரிந்தும் நேராக்குவார், மறுபடி நேராக்குவார், பஸ்ஸை விடுவார், கடைசியில் வேலையையே விடுவார். நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் இப்படிப் போகிறது, அல்லது அன்றாட வாழ்க்கை கெடுகிறது என்றால்தான் மருத்துவர்கள் அந்தப் பெயரைச் சொல்வார்கள். நீங்கள் வேறு பெயர் பார்த்துக்கொள்ளுங்கள்.

● ‘தீவிர ஓசிடி’ என்று டாக்டர் சீட்டில் எழுதியிருக்கிறார். எதை வைத்து அளந்தார்?
— கல்லூரி மாணவர், காரைக்குடி

பெரும்பாலும் யேல்-பிரவுன் அளவுகோலை வைத்து. 1989-இல் வெளியானது. பத்துக் கேள்வி, 40 மதிப்பெண். 24 முதல் 31 வரை தீவிரம், 32-ஐத் தொட்டால் அதிதீவிரம். எண்ணம் எவ்வளவு விகாரமானது என்பதற்கு இதில் மார்க் இல்லை. எவ்வளவு நேரம் போகிறது, எவ்வளவு வேதனை, வேலைக்கு எவ்வளவு இடைஞ்சல், எதிர்த்து நிற்க முடிகிறதா என்பதற்குத்தான். சிகிச்சைக்குப் பிறகு 30 என்பது 14 ஆனால் வீட்டில் பாயசம் வைக்கலாம். தமிழ்நாட்டில் மார்க் குறைந்ததற்குப் பாயசம் கிடைக்கும் பரீட்சை வேறு இருப்பதாகத் தெரியவில்லை.

● என் மாட்டுப்பெண் இரண்டு மணி நேரம் குளிக்கிறாள். நானும் மடி, ஆசாரம், பத்து எல்லாம் பார்த்தவள்தான். எனக்கு வராத வியாதி அவளுக்கு எப்படி?
— ஸ்ரீரங்கம் மாமி

மாமி, உங்கள் மடிக்கு ஒரு முடிவு உண்டு. தீர்த்தமாடியாயிற்று, மடிப்புடவை கட்டியாயிற்று, தளிகைக்குப் போகலாம். ‘ஆயிற்று’ என்ற அந்த ஒரு சொல்தான் அவளுக்கு வருவதில்லை. கண்குழிக்கு மேலே உள்ள மூளைப்பகுதி ‘ஏதோ தப்பு’ என்று எச்சரிக்கும். ஆழத்தில் காடேட் என்றொரு பகுதி, தேவையற்ற எச்சரிக்கைகளை வடிகட்டுவதில் பங்கெடுக்கிறது. ஓசிடியில் இந்தச் சுற்று அடங்காமல் ஓடுகிறது என்பதுதான் இன்றைய விளக்கம். லாஸ் ஏஞ்சலிஸில் 1992-இல் ஒரு குழுவுக்கு மாத்திரையும், இன்னொரு குழுவுக்குப் பயிற்சி சிகிச்சை மட்டும் கொடுத்து மூளையை ஸ்கேன் செய்து பார்த்தார்கள். குணம் தெரிந்தவர்களுக்கு, எந்தக் குழுவாக இருந்தாலும், வலப்பக்கக் காடேட்டின் வேகம் குறைந்திருந்தது. அதனால் ‘மனசு வைத்தால் சரியாகிவிடும்’ என்று அவளிடம் சொல்லாதீர்கள். குழாயைப் பார்த்து அவள் அழுவதை நீங்களே கேட்டிருப்பீர்கள்.

● கைக்குழந்தைக்குத் தாய் நான். காய் நறுக்கும்போது இந்தக் கத்தியால் குழந்தையைக் குத்திவிடுவேனோ என்று எண்ணம் வருகிறது. கத்திகளைப் பரணில் போட்டுவிட்டேன். குழந்தையைத் தனியாகத் தூக்கவே பயம். நான் கொலைகாரியா?
— பெயர் வேண்டாம், ஈரோடு

இதற்கு வேடிக்கைப் பதில் கிடையாதம்மா.

இலங்கையிலிருந்து லண்டன் போய்ப் பணியாற்றிய பத்மால் டி சில்வா என்ற உளவியலாளரும், ராக்மன் என்பவரும் 1978-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். எந்த நோயும் இல்லாத சாதாரண மனிதர்களிடம், வேண்டாத எண்ணங்கள் வருவதுண்டா என்று கேட்டார்கள். பெரும்பாலானவர்கள் உண்டு என்றார்கள். ஒருவரைத் தள்ளிவிடுவது, அடிப்பது, அசிங்கமாகக் கத்துவது என்று உள்ளடக்கமும் நோயாளிகளுடையதைப் போலவே இருந்தது. மற்றவர்கள் ‘சீ’ என்று உதறிவிட்டுப் போகிறார்கள். நீங்கள் அந்த எண்ணத்தை உங்களுக்கு எதிரான சாட்சியாக நிறுத்தி விசாரிக்கிறீர்கள். விசாரிக்க விசாரிக்க அது அடிக்கடி வரும். பிரசவத்துக்குப் பிறகு ஓசிடி தலைகாட்டுவது அபூர்வமல்ல. இத்தகைய எண்ணம் ஆசையின் குரல் அல்ல, அச்சத்தின் குரல். அதனால்தான் கத்தி பரணுக்குப் போயிருக்கிறது.

ஒரு வித்தியாசத்தையும் சொல்லிவிட வேண்டும். குழந்தைக்குக் கேடு செய்யச் சொல்லிக் குரல் கேட்டாலோ, அப்படிச் செய்வதே சரி என்று தோன்றினாலோ, உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றினாலோ அது வேறு. அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். உங்கள் கடிதத்தில் அது இல்லை. ஆனாலும் மனநல மருத்துவரைப் பாருங்கள், இந்த வாரமே. தாய்ப்பால் கொடுப்பவர்களுக்கும் தரக்கூடிய மருந்துகள் உண்டு. செர்ட்ராலின் பலர் எடுப்பதுதான். இதையெல்லாம் உங்கள் கணவருக்கும் படித்துக் காட்டுங்கள்.

● தொழுகைக்கு முன் ஒளு செய்து முடித்ததும் சரியாகச் செய்தேனா என்று சந்தேகம். திரும்பச் செய்து செய்து ஜமாஅத்தே தவறிவிடுகிறது. ‘வஸ்வாஸ், ஷைத்தான் வேலை, கண்டுகொள்ளாதே’ என்கிறார் ஹஜ்ரத். ‘நோய், கண்டுகொள்ளாதே’ என்கிறார் டாக்டர். யார் பேச்சைக் கேட்பது?
— நாகூர் வாசகர்

இருவரும் ஒரே மருந்தைத்தானே எழுதியிருக்கிறார்கள்! ஹஜ்ரத்திடம் ஒளுவுக்கு எவ்வளவு போதும் என்று ஒரே ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள். அதற்குமேல் செய்யாமலிருக்க டாக்டர் பழக்குவார். ஹஜ்ரத்துக்கு நள்ளிரவில் போன் போட்டு மறுபடி கேட்டால் அதுவும் நோயின் கணக்கில்தான் சேரும்.

● அழுக்கு என்று நான் அருவருக்கும் கதவுப்பிடியைத் தொடு, கழுவாதே என்கிறார் தெரபிஸ்ட். இது சிகிச்சையா, சித்திரவதையா?
— வங்கி ஊழியர், மதுரை

சித்திரவதையில் உங்கள் சம்மதம் கேட்க மாட்டார்கள். 1966-இல் லண்டன் மிடில்செக்ஸ் மருத்துவமனையில் விக்டர் மேயர் என்பவர் இதை இரண்டு நோயாளிகளிடம் செய்து பார்த்து எழுதினார். கழுவிக்கொண்டே இருந்தவரின் அறையில் குழாயில் தண்ணீர் வராமல் மூடிவிட்டார்கள். நர்ஸ்கள் கூடவே இருந்தார்கள். இன்றைக்கு அந்தக் கெடுபிடி இல்லை. பயங்களைச் சிறிதிலிருந்து பெரிதுவரை நீங்களே பட்டியல் போடுவீர்கள். முதல் நாள் உங்கள் வீட்டுக் கதவுப்பிடி, சில வாரம் கழித்து பஸ் ஸ்டாண்டுக் கம்பி. தொட்டுவிட்டு, கழுவாமல், படபடப்போடு உட்கார்ந்திருக்க வேண்டும். படபடப்பு பெரும்பாலும் தானாக இறங்கும். இறங்காத நாளிலும் ‘கழுவாமலே ராத்திரிச் சாப்பாடுவரை வந்துவிட்டேன்’ என்பது மூளைக்குப் புதுச் செய்தி. பாதியில் கழுவிவிட்டால் பழைய செய்தியே ஊர்ஜிதமாகும். ஓசிடிக்கு இதைவிடப் பலன் நிரூபிக்கப்பட்ட பேச்சு வைத்தியம் இல்லை. சின்ன வயதில் என்ன நடந்தது என்று வருடக்கணக்காகத் தோண்டுவது இதில் அதிகம் உதவியதில்லை.

● எங்க வீட்டுக்காரர் ராத்திரி இருபது தடவை ‘கேஸை மூடிட்டியா’ம்பார். மூடிட்டேன்னா ரெண்டு நிமிஷம் நிம்மதி. மறுபடியும் ஆரம்பம். பதில் சொல்லாம இருந்தா பாவமா இருக்கு.
— இல்லத்தரசி, திருநெல்வேலி

பாவம்தான். ஆனால் இருபதாவது கேள்வியைப் பெற்றது உங்கள் பத்தொன்பதாவது பதில். நெதர்லாந்தில் 2003-இல் கம்ப்யூட்டர் திரையில் ஒரு பொம்மை கேஸ் அடுப்பை வைத்து, ஆரோக்கியமானவர்களைத் திரும்பத் திரும்ப சரிபார்க்கச் சொன்னார்கள். அவர்களது ஞாபகம் கெடவில்லை. ஞாபகத்தின் மேல் இருந்த நம்பிக்கைதான் கெட்டது. பார்க்கப் பார்க்கக் காட்சி மங்கியது. அதாவது சந்தேகத்தால் சரிபார்க்கிறோம் என்று நினைக்கிறோம். சரிபார்ப்பதும் சந்தேகத்தை உண்டாக்குகிறது.

திடீரென்று வாயை மூடிக்கொள்ளாதீர்கள், சண்டையாகும். அவர் தெளிவாக இருக்கும் பகல் நேரத்தில், டாக்டரையும் வைத்துக்கொண்டு ஒப்பந்தம் போடுங்கள். இந்த வாரம் ஐந்து பதில், அடுத்த வாரம் இரண்டு, பிறகு இல்லை. அவர் கேட்கும்போது, ‘இது உங்க நோய் கேக்குற கேள்வி, அதுக்கு நான் பதில் சொல்றதா இல்ல. கஷ்டமாத்தான் இருக்கும், பக்கத்துல உக்காந்திருக்கேன்’ என்று சொல்லுங்கள். முதல் சில நாள் கேள்வி கூடும். அதற்குப் பயந்து ஒப்பந்தத்தை உடைத்துவிடாதீர்கள்.

● ஓசிடியால் பைத்தியம் பிடிக்காது என்று போன மாதம் எனக்குப் பதில் எழுதியிருந்தீர்கள். நிச்சயமாகத்தானே?
— கோபிசெட்டிபாளையம் வாசகர்

போன மாதமே பதில் சொல்லியாயிற்று.

● ஆறு வாரமாக மாத்திரை. ஒன்றும் நடக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் நிறுத்தச் சொல்கிறார்.
— ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்

பக்கத்து வீட்டுக்காரரை நிறுத்துங்கள். மனச்சோர்வுக்குக் கொடுக்கும் மருந்துகளில் ஒரு ரகம்தான் ஓசிடிக்கும், ஆனால் அளவும் அவகாசமும் வேறு. ஃப்ளூவாக்ஸெடின் மனச்சோர்வுக்கு 20 மில்லிகிராமிலேயே வேலை செய்யலாம். ஓசிடிக்கு 60, 80 வரை போவதுண்டு. தகுந்த அளவில் 8 முதல் 12 வாரம் பார்த்த பிறகே பலனில்லை என்று சொல்ல முடியும். அப்புறமும் வழி இருக்கிறது: அதே ரகத்தில் வேறொன்று, பழைய க்ளோமிப்ரமின், அல்லது கூடவே சிறிய அளவில் ரிஸ்பெரிடோன், அரிபிப்ரசோல். கூட்டுவதும் குறைப்பதும் உங்கள் டாக்டர் கையில். குணமானதும் டப்பாவைத் தூக்கிப் போடாதீர்கள். ஓரிரு வருடமாவது தொடரச் சொல்வார்கள்.

● எந்த மருந்துக்கும் கேட்காத தீவிர ஓசிடி என் தம்பிக்கு. மண்டையில் ஒயர் வைப்பார்களாமே?
— சேலம் வாசகி

வைப்பார்கள், எல்லாப் படியும் ஏறிய பிறகு. பெல்ஜியத்தின் லூவனில் முதலில் செய்து 1999-இல் எழுதினார்கள். அமெரிக்கா 2009-இல் தீவிர நோயாளிகளுக்கு மட்டும் வரம்போடு அனுமதித்தது. அறுவை இல்லாத காந்தத் தூண்டல் சிகிச்சைக்கு அங்கே 2018-இல் அனுமதி கிடைத்தது. அதற்கு முன் ஒரு கேள்வி. தம்பிக்கு மேலே சொன்ன கதவுப்பிடிச் சிகிச்சை முறையாக நடந்ததா? ‘எதற்கும் கேட்கவில்லை’ என்று வருகிறவர்களில் பலர் இந்த ஒன்றைச் செய்தே பார்த்திருக்க மாட்டார்கள். பெங்களூரு நிம்ஹான்ஸில் ஓசிடிக்கென்றே தனி கிளினிக் இருக்கிறது. வீட்டில் முடியாதவர்களை உள்நோயாளியாக வைத்துப் பழக்குவதும் உண்டு.

● செலவுக்கு எங்கே போவது?
— தறித் தொழிலாளி, குமாரபாளையம்

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். மருந்தும் அங்கேயே கிடைக்கும். எங்கே தொடங்குவதென்று தெரியாவிட்டால் 14416 என்ற மனநல உதவி எண்ணுக்குப் போன் செய்யுங்கள், தமிழில் பேசலாம், காசில்லை. நோய் முடக்கிப்போட்டிருந்தால் மாற்றுத்திறனாளி சான்றிதழுக்கும் மனுப் போடலாம். ஓசிடி அதில் வரும். குறைந்தது 40 சதவீதம் என்று மதிப்பிட்டால்தான் சலுகை. போகிற அன்றைக்குத் தறிக்கு லீவு சொல்லிவிடுங்கள், முதல் தடவை ஓ.பி. வரிசை நீளமாக இருக்கும்.