அலாஸ்கா மாமா

செப்டம்பர் பிறந்தால் செகந்திராபாத்தில் அலாஸ்கா மாமாக்கள் வந்து இறங்கத் தொடங்குவார்கள். பத்மாராவ் நகரிலும் மாரேட்பள்ளியிலும் தெருவுக்கு ஒருவராவது தேறுவார். ரயில்வேயில் ஓய்வு பெற்று, சியாட்டிலில் மகன் வீட்டில் கோடையைக் கழித்து, அவன் கூட்டிப்போன 7 நாள் அலாஸ்கா கப்பலில் இயற்கை ஆர்வலராக ஆகித் திரும்பியவர். கிளம்பும்வரை பல்லியைக் கண்டால் மாமியைக் கூப்பிட்டவர்தான்.

கண்டுபிடிப்பது சுலபம். ஸ்கந்தகிரி கோயில் வாசலில், வேட்டிக்கு மேல், 'ஜூனோ' என்று எழுதிய கம்பளித் தொப்பி. எங்கே போயிருந்தீர்கள் என்று நீங்கள் கேட்கவே வேண்டாம். தொப்பியைக் கழற்றி உங்கள் கையில் கொடுத்துவிட்டு ஆரம்பிப்பார்.

அவருடைய இயற்கைக்கு ஆபீஸ் நேரம் உண்டு. காலையில் கப்பல் துறைமுகத்தில் கட்டினால் சாயங்காலம் கிளம்பிவிடும். அதற்கு அரைமணி முன்னால் உள்ளே இருக்க வேண்டும். இவர் இரண்டு மணி நேரம் முன்னாலேயே இருப்பார், ரயில்வே பழக்கம். அந்த இடைவெளிக்குள் ஒரு திமிங்கிலம், ஒரு பனியாறு, முடிந்தால் ஒரு கரடி. கரடி வராமல் போனதற்கு மகன் டிக்கெட் போட்டதில் ஏதோ கோளாறு என்று இன்னும் நம்புகிறார்.

திமிங்கிலம் மட்டும் கண்ணில் படாவிட்டால் கொஞ்சம் பணத்தைத் திருப்பித் தருவோம் என்று ஜூனோ துறைமுகத்தில் சில படகுக்காரர்கள் உத்தரவாதமே கொடுக்கிறார்கள். மாமா இதில்தான் அசந்துபோனார். "முப்பது வருஷம் சர்வீஸ் பண்ணினேன். வண்டி வரும்னு நாங்க ஒருநாள் எழுதிக் குடுத்திருப்போமா?"

வந்தது கூன்முதுகுத் திமிங்கிலம். படகு 100 கெஜத்துக்குள் நெருங்கக் கூடாது என்பது சட்டம். தூரத்தில் மூச்சு புகையாய்ப் பீச்சும், முதுகு புரளும், வால் எழும்பும். உள்ளே போய்விட்டால் ஐந்து பத்து நிமிஷம் ஆளைக் காணாது. மாமாவின் செல்போனில் இருப்பதெல்லாம் அந்த ஐந்து பத்து நிமிஷங்கள்தான். "இதோ, இங்கதான் இருந்தது" என்று வெறும் கடலைத் தொட்டுக் காட்டுவார். நாமும் பார்த்துத்தான் ஆக வேண்டும். வாலின் அடிப்பக்கத்துக் கறுப்பு வெள்ளைத் திட்டு ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு, அதை வைத்தே இன்ன திமிங்கிலம் என்று சொல்லிவிடுகிறார்கள். "ஆதார் கார்டுடா, பின்னாடி ஒட்டியிருக்கு. ஹவாய்ல குட்டி போட்டுட்டு மூவாயிரம் மைல் நீந்தி இங்க சாப்பிட வரது. விசா கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது."

விசா என்கிறபோது குரல் கொஞ்சம் கம்மும். அமெரிக்கத் துறைமுகங்களுக்குள்ளேயே ஆட்களை ஏற்றி இறக்க அயல்நாட்டுக் கப்பலுக்கு உரிமை இல்லை என்று 1886இல் அங்கே ஒரு சட்டம் போட்டார்கள். அதனால் சியாட்டிலில் புறப்பட்டு சியாட்டிலுக்கே திரும்பும் கப்பல், ஒப்புக்கு, கனடாவின் விக்டோரியாவில் ஒரு சாயங்காலம் கால் நனைத்துவிட்டு வரும். அந்தச் சாயங்காலத்துக்காகக் கனடா விசாவும் எடுக்க வேண்டும். சில்குர் பாலாஜி கோயிலில் விசா வேண்டி அமெரிக்காவுக்கு 11 சுற்று, கனடாவுக்கு 11 சுற்று. கிடைத்ததும் ஒவ்வொன்றுக்கும் 108. முழங்கால் அலாஸ்காவில் தேய்ந்தது என்று டாக்டரிடம் சொல்லியிருக்கிறார், தேய்ந்தது சில்குரில்.

அந்தக் கோயிலுக்குப் பக்கத்திலேயே மிருகவனி தேசியப் பூங்கா. 1994இலிருந்து புள்ளிமானும் கடமானும் காட்டுப்பன்றியுமாக அங்கேயே இருக்கிறது. மாமா எட்டிப் பார்த்ததில்லை. "மான்தானே?" 2016இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்த அமீன்பூர் ஏரிக்குப் பூநாரைகூட வருகிறதே என்றேன். "மியாப்பூர் தாண்டணும்டா. டிராஃபிக் தெரியுமோல்லியோ?" பூநாரை உத்தரவாதம் எதுவும் எழுதிக் கொடுக்காததுதான் உண்மையான குறை என்று எனக்குத் தோன்றுகிறது.

கெட்சிகன் துறைமுகத்தில் வெண்தலைக் கழுகுகள் விளக்குக் கம்பத்தில் உட்கார்ந்திருந்தனவாம். மாமா நடு ரோட்டில் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டாராம், கருட தரிசனம். நம்முடைய கருடன் செம்பருந்து. நம் ஏரிகளின் மேலும் அது வட்டம் போடும். அந்த நேரத்தில் இவர் கீழே குனிந்து செல்போனில் அலாஸ்காவைத் தேடிக்கொண்டிருப்பார்.

மாமியிடம் கேட்டால் கதை வேறு மாதிரி வரும். மெண்டன்ஹால் பனியாற்றுப் பாதையில் தின்பண்டம் எதுவும் கொண்டுபோகக் கூடாது, வாசனைக்குக் கரடி வரும் என்று போர்டு. மாமியின் கைப்பையில் தேன்குழல். "கரடி தேன்குழல் சாப்பிடுமான்னு கேட்டேன். இவர் அதுக்குள்ள பாதியைத் தின்னுட்டார். மீதியை பஸ்லயே வெச்சுட்டு வந்தோம். பனியாறு? இருந்தது, வெள்ளையா."

ஆனால் எந்தக் கூட்டத்திலும் மாமா கடைசியாகச் சொல்வது சால்மன் மீன் கதை. கெட்சிகனில் ஊருக்கு நடுவே ஓடும் ஓடை. கோடை முடிகிற சமயத்தில் சால்மன்கள் கடலை விட்டுவிட்டு, தண்ணீரை எதிர்த்துத் துள்ளித் துள்ளி மேலே ஏறுகின்றன. தாம் பொரிந்த ஓடையை வாசனையிலேயே கண்டுபிடித்து அங்கேயே முட்டையிட வருகின்றன. மாமா ஓடைப் பாலத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நகரவே இல்லையாம்.

"பையன்கிட்ட சொன்னேன். பாத்தியாடா, எத்தனை வருஷம் வெளியில இருந்தாலும் பொறந்த எடத்துக்கு வந்துடறது."

"அதுக்கு அவன் என்ன சொன்னான், அதையும் சொல்லுங்கோ" என்பார் மாமி, சமையலறையிலிருந்து.

மாமா தொப்பியைத் திரும்ப வாங்கித் தட்டிக்கொண்டிருப்பார். மாமியே சொல்லிவிடுவார்: "'வந்து முட்டை போட்டுட்டு செத்துப் போயிடும்ப்பா, நடங்கோ, கப்பல் போயிடும்'னான். ராத்திரி கப்பல்ல பக்கத்து மேஜைல அதைத்தான் தட்டுல வெச்சிண்டிருந்தா."

"செத்தா என்ன?" என்பார் மாமா. "வந்துதோல்லியோ?"