இரண்டாவது வடை

பிறருடைய குற்றங்களைக் கண்டுபிடிப்பதற்கென்றே காசும் கொடுத்துக் காபியும் கொடுக்கிற உத்தியோகங்கள் உலகில் மிகச் சிலவே என்றும், அவற்றுள் ஐ.டி.ஐ. செய்முறைப் பரீட்சைக்கு வெளித்தேர்வாளராகப் போய்வருவதே தலைசிறந்தது என்றும் என் சிநேகிதர்கள் நெடுநாளாக அபிப்பிராயம் கொண்டிருக்கிறார்கள். காபி விஷயத்தில் அவர்கள் சொல்வது முற்றிலும் உண்மை. காசு விஷயத்தை, என் பிரயாணப்படி மனு எந்த மேஜையில் நித்திரை செய்கிறது என்று தெரிந்த பிறகு பேசிக்கொள்ளலாம்.

1950-இல் கைவினைஞர் பயிற்சித் திட்டத்தையும், 1956-இல் அதற்கென ஒரு தேசியக் குழுவையும் ஏற்படுத்திய பெரியோர்கள், கற்பித்த வாத்தியாரே மதிப்பெண்ணும் போட்டால் பாசம் கண்ணை மறைக்கும் என்பதை அறியாதவர்களல்லர். ஆகவேதான், ஃபிட்டர் பிரிவில் இரண்டு வருஷம் அரம் பிடித்துக் கை காய்த்துப்போன பிள்ளைகளின் எதிரே, யாரென்றே தெரியாத நான் வெர்னியரும் கையுமாகப் போய் நிற்கிறேன். காலையில் ஒவ்வொரு மைல்டு ஸ்டீல் துண்டிலும் பையனுடைய எண்ணைப் பஞ்ச் கொண்டு அடித்துக் கொடுத்துவிட வேண்டும். அடிக்கத் தவறினால், எங்கோ பிறந்து எவராலோ வளர்க்கப்பட்ட ஓர் அழகிய துண்டு, பட்டறைப் பாஷையில் ஜாப், சாயங்காலம் என் மேஜைக்கு வந்துவிடும்.

ஆண் துண்டு பெண் துண்டு என்று இரண்டை ராவி ஒன்றுக்குள் ஒன்றைப் பொருத்துவதுதான் பெரும்பாலும் பரீட்சை. கல்யாணத்துக்குப் பத்தில் ஆறு பொருந்தினாலே ஜோசியர் பெருந்தன்மையோடு தலையாட்டிவிடுகிறார்; வெர்னியரோ 0.02 மில்லிமீட்டருக்குக் கணக்குக் கேட்கிறது. ஜோடியை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, இடுக்கில் ஒளி கசிகிறதா என்று நான் பார்க்கும்போது, பையன் ஜாப்பைப் பார்ப்பதில்லை. என் புருவத்தைப் பார்க்கிறான். நிறுவனத்தார் உபசாரமும் அந்தப் புருவத்தை உத்தேசித்ததே. மத்தியானம் இலையில் இரண்டாவது வடை விழும்போதே, பின்வரிசையில் எவனுடைய ஜாப்போ பொருந்தவில்லை என்பது எனக்கு விளங்கிவிடும்.

இருந்தாலும், துகள் சிக்கிப் பரப்பைக் கீறாதிருக்க அரத்தின் பற்களில் யாரும் சொல்லாமலே சாக்பீஸைத் தேய்த்துக்கொண்டு, வைஸுக்கு மேலே அதிகம் நீட்டாமல் ஜாப்பைத் தாழப் பிடித்து, கிறீச்சென்ற சப்தமே எழாமல் நிதானமாக ராவுகிற ஒரு பையனைப் பார்த்துவிட்டால், அன்றைய படி வராவிட்டாலும் பாதகமில்லை என்று தோன்றிவிடுகிறது. (இதை அந்த மேஜைக்காரர் படிக்க நேர்ந்தால், வாய்ப்பேச்சு என்று கொள்ள வேண்டும்.)

கஷ்டம் எதுவென்றால், பரீட்சை முடிந்தாலும் பார்வை முடிவதில்லை. உறவினர் வீட்டுக் கிரகப்பிரவேசத்தில், எல்லோரும் பால் பொங்குவதைப் பார்த்துக்கொண்டிருக்க, நான் நிலைக்கும் கதவுக்கும் நடுவே உள்ள சந்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "ஏங்க, நாம விசேஷத்துக்கு வந்திருக்கோம், உங்க பரீட்சைக்கு வரலை" என்று என் மனைவி காதோடு சொன்னாள். கீழ்க்கீல் கோணல் என்பதை நான் வீட்டுக்காரரிடம் அதற்கு முன்பே சொல்லியாகிவிட்டது. அந்த வீட்டிலிருந்து இப்போது பத்திரிகை வருவதில்லை.

அம்பத்தூர்ப் பட்டறை ஒன்றில் பழைய பிள்ளை ஒருவன் என்னை அடையாளம் கண்டு, நாற்காலியைத் துடைத்துப் போட்டு, "சார், நீங்கதான் எனக்கு மார்க் போட்டீங்க" என்றான். நான் மகிழ்வதற்குள், "கொஞ்சம் குறைச்சுப் போட்டுட்டீங்க சார்" என்றும் சேர்த்துக்கொண்டான். அவன் அப்போது பொருத்திக்கொண்டிருந்த துண்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஒளி கசியவில்லை.

பரீட்சைக்கு முதல்நாள் சாயங்காலம் ஆப்பிள் பையோடு என் வீட்டு வாசலில் வந்து நிற்கும் தகப்பனார்களுக்கு ஒரு விண்ணப்பம்: துண்டின் மேல் எண்தான் இருக்கும், பெயர் இராது, ஆப்பிளைப் பையனுக்கே கொடுத்து, அவனைச் சீக்கிரம் தூங்கச் சொல்லுங்கள்.