பேராயரும் நாத்திகரும்

கேள்வி: 'தி கோல்டன் காம்பஸ்' குழந்தைகள் படம்தானே? அதற்குப் போய் மதத்தின் பெயரால் அவ்வளவு எதிர்ப்பு ஏன்?

பதில்: எதிர்த்தவர்கள் காரணமில்லாமல் கோபப்படவில்லை. நாத்திகரான பிலிப் புல்மன், இந்தப் படத்துக்கு மூலமான, 1995-ல் வந்த 'நார்தர்ன் லைட்ஸ்' நாவலில் திருச்சபையின் அதிகாரத்தைத் தெரிந்தேதான் சாடினார். லைரா என்ற சிறுமியின் ஆன்மா விலங்கு வடிவில் அவள் கூடவே திரியும். ஒரு நேரம் அந்துப்பூச்சி, ஒரு நேரம் காட்டுப்பூனை. அப்படிப்பட்ட உயிர்த்துணையைப் பிள்ளைகளிடமிருந்து வெட்டிப் பிரிக்கிறது, திருச்சபையைச் சேர்ந்த ஓர் அமைப்பு. பக்தியுள்ள பெற்றோருக்குச் சுருக்கென்று தைக்கத்தான் செய்யும்.

ஆனால் 2007-ல் வந்த படத்தில் திருச்சபை விஷயத்தை முடிந்தவரை மழுப்பிவிட்டார்கள். அப்படியும் அமெரிக்காவின் கத்தோலிக்க லீக் படத்தைப் புறக்கணிக்கச் சொன்னது. படம் பார்த்த பிள்ளை புத்தகத்தைத் தேடிப் போய்விடும் என்ற பயம்! பிள்ளை புத்தகம் தேடிப் போனால் கொண்டாட வேண்டாமா? நாவலின் உலுக்கியெடுக்கும் முடிவை அடுத்த பாகத்துக்கென்று ஒதுக்கினார்கள். அந்தப் பாகம் வரவேயில்லை. பயந்து எடுத்த படம் சப்பென்றுதான் இருக்கும்.

நான் மதிப்பது ரோவன் வில்லியம்ஸை. கேன்டர்பரி பேராயராக இருந்தபோதே, 2004-ல் லண்டன் நேஷனல் தியேட்டர் மேடையில் புல்மனோடு உட்கார்ந்து விவாதித்தார். அந்தக் கதையைப் பள்ளிகளின் சமய வகுப்பிலேயே படிக்கலாம் என்றார். உறுதியான விசுவாசம் அப்படித்தான் பேசும்.

பெற்றோரே, புத்தகத்தை ஒளித்துவைக்காதீர்கள். முதலில் நீங்கள் படியுங்கள். பிறகு பிள்ளையோடு உட்கார்ந்து வாதாடுங்கள்.