கலர் படம் பொய் சொல்லாது

கம்பியில் மின்சாரம் ஓடினால் சூடு. சூட்டில் கம்பி விரியும், மின்தடை கூடும். தடை கூடினால் மின்சாரம் மாறும், அதனால் சூடும் மாறும். இந்தக் கூட்டுக்குடும்பச் சண்டையை மொத்தமாகக் கணக்குப் போடுவதுதான் மல்டிபிசிக்ஸ் சிமுலேஷன். விடை சிவப்பு, மஞ்சள், நீலம் என்று கண்ணைப் பறிக்கும் படமாக வரும். ஆய்வரங்கத்தில் அது திரையில் விழுந்ததும், கேள்வி கேட்கத் தூக்கிய கைகள் தாமாக இறங்கிவிடும். மீறி எவராவது “எல்லை நிபந்தனை என்ன கொடுத்தீர்கள்?” என்று கேட்டால், அவர் சபை நாகரிகம் அறியாதவர். கணக்கு விடைக்கு வராமல் அடம்பிடிக்கிறதா? டாலரன்ஸை, அதாவது பிழைக்கு விடும் வரம்பை, கொஞ்சம் தளர்த்துங்கள், இயற்பியலும் இறங்கி வரும்.

கடல்தான் இறங்கி வருவதில்லை. 1991 ஆகஸ்ட் 23 அன்று நார்வேயில், ஸ்டாவஞ்சர் அருகே, ஸ்லைப்னர் ஏ எரிவாயு மேடையின் கான்கிரீட் அடித்தளத்தைச் சோதனைக்காக நீரில் அமிழ்த்தினார்கள். வடிவமைப்புச் சிமுலேஷனில், சுவர்கள் கூடும் மூலைகளைக் கணக்குக்காகத் துண்டுபோட்ட மெஷ் கட்டங்கள் பெரிதாக இருந்தன. அதனால் அங்கே சறுக்குத் தகைவு (shear stress) கணக்கில் 47 சதவீதம் குறைவாக வந்திருந்தது. சுவர் பிளந்து, அத்தனையும் மூழ்கித் தரையில் மோதிய அதிர்வு ரிக்டரில் 3. பிறகு கவனமாகப் போட்ட மறுகணக்கு, 62 மீட்டர் ஆழத்தில் உடையும் என்றது, உடைந்தது 65-ல். சிமுலேஷன் எவ்வளவு துல்லியம் பாருங்கள், கொஞ்சம் தாமதம், அவ்வளவுதான்.

மாற்று அடித்தளத்துக்குக் கணினிக்காகக் காத்திராமல், ஸ்லைடு ரூல் காலத்துக் கைக்கணக்கில் வடிவமைப்பைத் தொடங்கினார்கள். பாவம், ஆய்வரங்கத்தில் காட்ட ஒரு கலர் படம்கூடத் தேறியிருக்காது.