எட்டிய எடையில் நிற்றல்: ஒரு முன்னாய்வு

எடை குறைப்பது பற்றி நூல்கள் மலிந்து கிடக்கின்றன. குறைந்த எடை குறைந்தபடியே இருப்பது பற்றி மட்டும் அறிஞர் பெருமக்கள் வாய் திறப்பதில்லை. குறைப்பவருக்குப் புகைப்படம் உண்டு, அலுவலகத்தில் பாராட்டு உண்டு. காப்பவருக்கு ஒன்றுமில்லை. போன வருடமும் 72, இந்த வருடமும் 72 என்று எவரும் கேக் வெட்டியதில்லை. வெட்டினால் 72 நிற்காது என்பது காரணமாயிருக்கலாம்.

இத்துறையின் மூலவர் இத்தாலியின் பதுவா நகர மருத்துவர் சாந்தோரியோ. பெரிய தராசொன்றில் நாற்காலியைத் தொங்கவிட்டு அதில் உட்கார்ந்து உண்டவர். ஏறத்தாழ 30 ஆண்டுகள் தன்னையும், தின்றதையும், கழித்ததையும் நிறுத்தவர். 1614இல் நூலும் வெளியிட்டார். 8 பவுண்டு உண்டால் 5 பவுண்டு கண்ணுக்குத் தெரியாமல் ஆவியாகிவிடும் என்பது அவர் கணக்கு. கணக்கில் பிழையில்லை. உறவினர் வருகையை மட்டும் சேர்க்காமல் விட்டுவிட்டார். அது பின்னர்.

முதலில் கருவி. விடியலில், வயிறு காலியானபின், காபிக்கு முன் ஏறவேண்டும் என்பதில் எல்லாத் தரப்பும் உடன்படுகின்றன. கண்ணாடியையும் மெட்டியையும் கழற்றுவது தீவிரவாதிகளின் வழி. தரை விஷயத்தில்தான் கருத்து வேறுபாடு: ஒரே கருவி குளியலறை வாசலில் ஒன்றும், கூடத்து மூலையில் சற்றே கருணையோடு வேறொன்றும் சொல்லும். கருவி நிரந்தரமாக எந்த மூலையில் குடியேறும் என்று சொல்லத் தேவையில்லை. ரயில் நிலையங்களில் வண்ண விளக்கு சுழல நின்றிருந்த பழைய இயந்திரம் இதைவிட நாகரிகமானது. அட்டையின் ஒரு பக்கம் எடை, மறுபக்கம் அதிர்ஷ்ட வாசகம். நொந்தவர் அட்டையைத் திருப்பிக்கொள்ளலாம். இன்றைய கருவிக்கு மறுபக்கம் இல்லை.

முகூர்த்தச் சாப்பாட்டுக்கு மறுநாள் முள் ஒரு கிலோ ஏறுவது கொழுப்பல்ல. உடல் மாவுச்சத்தாகச் சேமிக்கும் ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனும் சுமார் 3 கிராம் தண்ணீரைப் பிடித்துவைக்கிறது. உப்பும் தன் பங்குக்குப் பிடிக்கிறது. இரண்டொரு நாளில் இறங்கிவிடும். உண்மைதான். ஆனால் ஆறுதலான உண்மைகள் அளவுக்கு மீறிப் பயன்படுத்தப்படுகின்றன. வைகாசி முழுக்கப் பந்தியில் உட்கார்ந்தவரும் ஆடி பிறந்தபின் அதைத் ‘தண்ணி எடை’ என்றே சொல்லிக்கொண்டிருக்கிறார்.

உடலும் உள்ளிருந்து சதி செய்கிறது. அமெரிக்கத் தொலைக்காட்சியின் எடைக் குறைப்புப் போட்டியாளர் 14 பேரை ஆறு ஆண்டுகள் கழித்துச் சோதித்த ஆய்வாளர் கெவின் ஹாலின் குழு, 2016இல் முடிவை வெளியிட்டது. சும்மா இருக்கையில் அவர்கள் உடல் எரித்தது, எதிர்பார்த்ததைவிட நாளுக்குச் சுமார் 500 கலோரி குறைவு. பஞ்சம் பார்த்த பாட்டி, நல்ல காலம் வந்தபின்னும் அரிசிப் பானையைத் திறக்காத கதைதான். 500 கலோரி என்பது ஏறக்குறைய பத்து இட்லி. சாம்பார் தனி.

இனி, சாந்தோரியோ விட்ட இடம். தமிழ்நாட்டில் இளைத்தவர் மீது விசாரணை நடக்கும். “ஏன்டா, உடம்பு சரியில்லையா?” என்பது பூர்வாங்கம். அடுத்தது குரலைத் தாழ்த்தி: “சுகரா?” இல்லையென்றால் நம்பமாட்டார்கள், யார்தான் ஒப்புக்கொள்வார்கள்? மூன்றாவது கேள்வி அவரை விட்டு மனைவியிடம் போகும்: “வேளாவேளைக்குச் சாப்பிடறானா இல்லையா?” இந்தக் கணத்தில் எடை தனிமனித விவகாரமாக இருப்பது முடிந்து குடும்ப மானம் ஆகிறது. மானத்தைக் காக்கச் சாட்சிகள் முன்னிலையில் தின்று காட்டியாகவேண்டும். “போதும் பெரியம்மா” என்பது முடியுமுன் மூன்றாம் தோசை தட்டில் விழுந்திருக்கும். ஆவியாக வேண்டிய ஐந்து பவுண்டு இங்கேதான் தங்கிவிடுகிறது என்பது இவ்வாய்வின் துணிபு.

13.6 கிலோ குறைத்து ஓராண்டாவது காத்தவர்களை அமெரிக்காவில் 1994 முதல் ஒரு பதிவேட்டில் சேர்த்துவருகிறார்கள். பெரும்பாலோர் காலை உணவைத் தவிர்ப்பதில்லை. வாரம் ஒருமுறையேனும் எடை பார்க்கிறார்கள். நாளுக்கு ஒரு மணி நேரம் போல உடலை அசைக்கிறார்கள். அவர்களுக்குப் பெரியம்மா உண்டா என்ற கேள்வியை மேலாய்வுக்கு விடுகிறேன்.

நம் பக்கம் இத்துறையில் உண்மையான நிபுணர் தையற்காரர். பேன்ட்டின் இடுப்பைப் பிடிக்கக் கொடுத்தால் மிச்சத் துணியை அவர் வெட்டுவதில்லை. உள்ளே மடித்து லேசாக ஓட்டிவைக்கிறார். வெட்டிவிடச் சொல்லும் உற்சாகிகளிடமும் தலையை மட்டும் ஆட்டிவிட்டு மடித்தே தைக்கிறார். எப்போது பிரிக்க வேண்டியிருக்கும் என்று ஆய்வு நோக்கில் கேட்டதற்கு அவர் சொன்னது: “பொங்கல் கழிச்சு வாங்க சார். தீபாவளிப் பலகாரமும் தீர்ந்திருக்கும், எனக்கும் கூட்டம் குறைஞ்சிருக்கும்.”