ஒதுங்க மறைவு தேடாதவர்கள்

ரோமாபுரியின் பெருமை பேசுகிறவர்கள் கொலோசியத்தில் ஆரம்பிப்பார்கள். நாம் கொஞ்சம் கீழே இறங்குவோம். ரோமின் பழைய துறைமுக நகரமான ஓஸ்தியாவில் இன்றும் ஒரு பொதுக் கழிப்பறையைப் பார்க்கலாம். சுவரோரம் பளிங்குப் பலகை, அதில் வரிசையாக ஓட்டைகள். இருபது பேர் தாராளமாக உட்காரலாம். இடையில் தடுப்பு? பேச்சுக்குக்கூட இல்லை. கல்யாணப் பந்தி மாதிரி தோளோடு தோள் உரசிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். என்ன, இங்கே நடப்பது பந்தியின் பிற்பகுதி.

இந்த ஏற்பாட்டிலும் லாபம் பார்த்தவன் உண்டு. நையாண்டிக் கவிஞர் மார்ஷியல் எழுதிய ஒரு குறுங்கவிதையில் வாசெர்ரா என்றொரு ஆள் வருகிறான். நாள் முழுக்கக் கழிப்பறையே கதி. வயிற்றில் கோளாறு ஒன்றும் இல்லை. பக்கத்து ஓட்டைக்காரர் யாராவது ராத்திரிச் சாப்பாட்டுக்குக் கூப்பிட மாட்டாரா என்ற நப்பாசைதான்.

காரியம் முடிந்ததும் துடைக்க, குச்சி நுனியில் கட்டிய கடற்பஞ்சு. காலடியில் ஓடும் சிறு வாய்க்காலில் அலசிவிட்டு அடுத்தவரிடம் நீட்டினார்கள் என்றே பலரும் சொல்கிறார்கள். சகோதரத்துவத்துக்கும் ஒரு எல்லை வேண்டாமா?

அதே ஓஸ்தியாவில் ஒரு சுவரில் கிரேக்க ஞானிகளை வரைந்து, அவர்கள் வாயில் மலச்சிக்கல் வைத்தியத்தைத் திணித்திருக்கிறார்கள். சோலோன் வயிற்றைத் தடவிவிடுகிறார். தேலீஸ் முக்கச் சொல்கிறார். கீலோனின் பாடம், சத்தமில்லாமல் காற்றுப் பிரிப்பது எப்படி என்பது. தத்துவம் வாழ்க்கைக்கு உதவாது என்று இனி யாராவது சொல்லட்டும்.

சலவைக்காரர்களுக்கு மூத்திரம் மூலப்பொருள். நாள்பட்டால் அதிலிருந்து கிளம்பும் அம்மோனியா, துணியின் எண்ணெய்ப் பிசுக்கை எடுத்துவிடும். கி.பி. 69இல் பட்டத்துக்கு வந்த வெஸ்பாசியன் பார்த்தார், கஜானா காலி. போடு அதற்கும் வரி! மகன் டைட்டஸ் முகம் சுளித்தபோது, வசூலான காசை அவன் மூக்கருகே நீட்டி, நாறுகிறதா என்று கேட்டாராம். இல்லை என்றான் பிள்ளை. நிதியமைச்சர்களின் குலதெய்வமாக இருக்க வேண்டியவர்.

சாக்கடைக்கே குளோவாசினா என்று ஒரு தேவதையை வைத்துக் கும்பிட்ட ஊர் அது. ஆனால் மாடிக் குடித்தனக்காரர்கள் சட்டியை ஜன்னல் வழியாகவே கவிழ்த்தார்கள். மேலிருந்து கொட்டியதால் கீழே போகிறவருக்கு நஷ்டம் என்றால் இரட்டிப்பாகக் கட்ட வேண்டும் என்று சட்டமே இருந்தது. தண்ணீர், குளியல் என்று இத்தனை ஆர்ப்பாட்டம் செய்தும் குடற்புழு குறையவில்லை என்று 2016இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர் பியர்ஸ் மிட்செல் போட்டு உடைத்தார். மனிதக் கழிவையே வயலுக்கு உரமாகப் போட்டால் புழு எப்படிப் போகும்?

வீட்டுக் கழிப்பறைகளைப் பெரும்பாலோர் பொதுச் சாக்கடையோடு இணைக்கவில்லை. போகிற வழிதானே வருகிற வழியும். ரோமானிய எழுத்தாளர் ஈலியன் சொல்லும் கதை ஒன்று: புத்தியோலி நகரில் ஒரு ராட்சத ஆக்டோபஸ் ராத்திரியில் சாக்கடை வழியாக வியாபாரிகளின் கிடங்குக்குள் ஏறி, ஜாடிகளை நொறுக்கி, உப்பில் ஊறவைத்த மீனைத் தின்றுவந்ததாம். காவலிருந்து, கோடரியால் வெட்டித்தான் ஒழித்தார்கள். உடையாமல் மிஞ்சிய ஜாடிகளை யார் தலையில் கட்டினார்கள் என்பதை மட்டும் ஈலியன் எழுதவில்லை.